‘நாம் மாறுவதா, சட்டம் மாறுவதா?’: காலநிலைப் பட்டிமன்றத்தைப் பயன்படும்படி நடத்துவது எப்படி

காலநிலை மாற்றத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு மக்களின் நுகர்வுப் பழக்கத்துக்கா, அரசின் சட்டத்துக்கா என்ற தலைப்பில் கல்லூரிகளிலும் நூலக வாசகர் வட்டங்களிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களிலும் பட்டிமன்றம் வைக்கிறார்கள். சிலவற்றில் அணிப் பேச்சாளராகவும் வேறு சிலவற்றில் நடுவராகவும் நான் அமர்ந்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு அணியும் அழகாகப் பேசும். ‘இரண்டும் இரண்டு கண்கள்’ என்று நடுவர் தீர்ப்பளிப்பார். கைதட்டலோடு கூட்டம் கலையும். அந்தத் தீர்ப்பு பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிற ஒருவருக்கு, மறுநாள் காலையில் தான் செய்ய வேண்டியது என்ன என்பதை அது சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஒரு பட்டிமன்றத்தை ஏற்பாடு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைப்பு வைப்பதில் தொடங்கி, அரங்கில் பேசியது உரிய அலுவலகத்துக்கு உரிய தேதிக்குள் மனுவாகப் போய்ச் சேரும்வரை கவனிக்க வேண்டியவற்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தலைப்பை ஒரு பொருளின்மேல் நிறுத்துங்கள்

‘காலநிலை மாற்றம்’ என்று பொதுவாக அறிவித்தால், பேச்சு பனிமலை உருகுவதில் தொடங்கி நெகிழிப் பையில் போய் முடியும். இடையில் எங்கும் கால் ஊன்றாது. ஆகவே எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, விவாதம் முழுவதையும் அதைச் சுற்றியே நடத்துங்கள். நான் பரிந்துரைப்பது சீலிங் ஃபேன். தமிழ்நாட்டில் அது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அதை வாங்கியது யார், ஓட்டுவது யார், கட்டணம் கட்டுவது யார் என்று கேட்கத் தொடங்கினால் இந்த விவாதத்தின் எல்லாச் சிக்கலும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

முடிந்தால் பழைய வகை விசிறி ஒன்றையும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் பொருத்திய விசிறி ஒன்றையும் பெட்டியோடு மேடைக்குக் கொண்டுவாருங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையை யாராவது ஒருவர் உரக்கப் படிக்கட்டும்: எத்தனை நட்சத்திரம், எத்தனை வாட், எவ்வளவு காற்று. பிறகு கரும்பலகையில் எல்லார் கண்முன்னும் கணக்கைப் போடுங்கள். பழைய வகை முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறி 28 முதல் 35 வாட்டுக்குள் அதே அளவு காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம், ஆண்டில் 300 நாள் என்று வைத்தால் 4,500 மணி நேரம். முதலாவது 337 யூனிட் எடுக்கும். இரண்டாவது, 28 வாட் என்று கொண்டால், 126 யூனிட் எடுக்கும். வித்தியாசம் சுமார் 210 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. அந்தக் கணக்கில் ஒரே விசிறியால் ஆண்டுக்கு 150 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகிறது. இந்த எண் பலகையில் விழுந்தவுடன் அரங்கின் தன்மையே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வீட்டில் எத்தனை விசிறி ஓடுகிறது என்று எண்ணத் தொடங்குவார்கள்.

இப்போது நுகர்வோர் அணிக்கு வாய்ப்புக் கொடுங்கள். கடையில் நிற்கும் பத்து நிமிடத்தில் நாம் எடுக்கும் முடிவு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு நம் வீட்டின் மின்செலவை முடிவு செய்துவிடுகிறது என்று அவர்கள் வாதிடுவார்கள், அது உண்மை. அதன்பின் சட்டத்தின் அணி ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: வாடகை வீட்டில் அந்த விசிறியை வாங்கி மாட்டியது யார்? வீட்டுக்காரர் மாட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் கட்டணம் கட்டுகிறார். கட்டணம் தன் தலையில் விழாதபோது வீட்டுக்காரர் விலை குறைந்ததைத்தான் வாங்குவார்; இரண்டு ஆண்டில் காலி செய்யப்போகிற வீட்டுக்கு வாடகைக்காரர் கூடுதல் விலை கொடுத்து விசிறி வாங்கி மாட்டமாட்டார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற வரம்புக்குள்ளேயே மின்சாரம் செலவழிக்கும் சிறிய குடும்பத்துக்கோ, மிச்சம் பிடித்தாலும் பில்லில் ஒரு ரூபாய் குறையப்போவதில்லை. இவர்களில் யாரையும் பொறுப்பற்றவர் என்று சொல்ல முடியாது. தேர்வு செய்யும் கையும் பயன் பெறும் கையும் வேறு வேறாக இருப்பதால், எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் சந்தை அங்கே வேலை செய்வதில்லை.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் நட்சத்திர முத்திரைத் திட்டம் 2006-இல் தொடங்கியது. சீலிங் ஃபேனுக்கு அது நெடுங்காலம் விருப்பத்தின் பேரிலேயே இருந்து, 2023 ஜனவரி 1 முதல்தான் கட்டாயமானது. அன்றிலிருந்து ஒரு நட்சத்திரத் தரத்தைக்கூட எட்டாத விசிறி சட்டப்படி விற்பனைக்கு வர முடியாது. ஆகவே வீட்டுக்காரர் இருப்பதிலேயே மலிவானதைத் தேடினாலும் அது ஓர் அளவுக்குத் தேறிய விசிறியாகவே இருக்கும். சட்டத்தின் அணி இதை வலுவாகச் சொல்ல வேண்டும். நுகர்வோர் அணிக்கும் பதில் உண்டு: மின்சாரம் குறைவாக எடுக்கும் விசிறியை முதலில் விலை கொடுத்து வாங்கிய சில ஆயிரம் பேர் இல்லாமல், அப்படி ஒரு விசிறி செய்ய முடியும், விற்கவும் முடியும் என்பதை எந்த அதிகாரியும் கோப்பில் எழுதியிருக்க முடியாது. இந்த இரண்டு வாதமும் நேருக்கு நேர் மோதும் இடத்தில்தான் பட்டிமன்றம் உண்மையாகவே தொடங்குகிறது.

நேரம் இருந்தால் ஏ.சி.யையும் தொடலாம். நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏ.சி.க்கள், 2020 ஜனவரி 1 முதல், போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வேண்டுமானால் ரிமோட்டில் குறைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. இது எந்த அணியின் வெற்றி என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு அணியும் உரிமை கொண்டாடும்.

சான்றுகளைத் தேர்ந்தெடுப்பது

பேச்சாளர்களுக்கு ஒரு வாரம் முன்பாகவே குறிப்புகளைக் கொடுத்துவிடுவது நல்லது. வரலாற்றிலிருந்து ஒரே ஒரு சான்றைத்தான் பயன்படுத்தலாம் என்று யாராவது விதித்தால், நான் ஓசோன் படலத்தின் கதையைத்தான் எடுப்பேன். ஏனெனில் அதை இரண்டு அணியும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியல் அறிஞர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். அந்த வாயு அப்போது அமெரிக்க வீடுகளில் வாசனைத் தெளிப்பான், தலைமுடித் தெளிப்பான் போன்ற குப்பிகளில் இருந்தது. சட்டம் எதுவும் வருவதற்கு முன்பே மக்கள் அந்தக் குப்பிகளை வாங்குவதைக் குறைத்தார்கள், எஸ்.சி. ஜான்சன் நிறுவனம் 1975-இல் தன் தெளிப்பான்களில் அந்த வாயுவைப் பயன்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. அமெரிக்க அரசின் தடை 1978-இல்தான் வந்தது. இதுவரை கதை நுகர்வோர் அணிக்கு. ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலும் ஏ.சி.யிலும் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் அதே வாயு தொடர்ந்து பயன்பட்டது. அந்த வாயு இல்லாத குளிர்சாதனப் பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கும் வாய்ப்பு அன்றைக்கு எந்த நுகர்வோருக்கும் இல்லை. எழுபதுகளில் குறைந்த உற்பத்தி எண்பதுகளில் மறுபடியும் ஏறியது. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை இருப்பது 1985-இல் வெளிப்பட்டு, 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தான பிறகே அந்த வாயுக்களுக்கு உலக அளவில் முடிவு பிறந்தது. அவை கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பவை என்பதால், அந்த உடன்படிக்கை காலநிலையையும் பெரிய அளவில் காப்பாற்றியிருக்கிறது. தெளிப்பானைக் கைவிட்ட மக்கள் அரசியல்வாதிகளுக்குத் துணிவு கொடுத்தார்கள். அவர்களால் எட்ட முடியாத இடத்தைச் சட்டம் எட்டியது. காலவரிசை மாறாமல் இதைச் சொன்னால் எந்த அணியும் மற்ற அணியை முற்றாக மறுக்க முடியாது.

எண்களைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. காலநிலை அறிவியலைத் தொகுக்கும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், நுகர்வுப் பக்கத்து நடவடிக்கைகளால் 2050-க்குள் வீடு, போக்குவரத்து, உணவு போன்ற இறுதிப் பயன்பாட்டுத் துறைகளின் உமிழ்வை 40 முதல் 70 விழுக்காடு வரை குறைக்க முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணை நுகர்வோர் அணியினர் ஆர்வத்தோடு எடுத்துவருவார்கள். ஆனால் அந்தக் கணக்கில் தனிமனிதர் பழக்கத்தோடு, பேருந்தும் நடைபாதையும் உள்ள நகரம், திறன் மிகுந்த கருவிகள் ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன; வாசலில் பேருந்து வராத ஊரில் இருப்பவரிடம் பைக்கை விடச் சொல்வதற்கு அந்த எண் துணை வராது. அதே அறிக்கை, உலகக் குடும்பங்களில் மேல்மட்டப் 10 விழுக்காட்டினர் குடும்ப நுகர்வு உமிழ்வில் 34 முதல் 45 விழுக்காடு வரை வெளியிடுவதாகவும், கீழ்ப்பாதியினர் 13 முதல் 15 விழுக்காடு மட்டுமே வெளியிடுவதாகவும் சொல்கிறது. ‘நாம் எல்லாரும் மாற வேண்டும்’ என்று தொடங்கும் பேச்சாளர், அந்த ‘எல்லாரும்’ என்பதில் யார் யார் என்று விளக்கும்படி நடுவர் கேட்க வேண்டும்.

‘கார்பன் தடம்’ (நம் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவு) என்ற சொல்லின் பின்னணியும் பேசப்பட வேண்டியது. அதைத் தனிமனிதர் தமக்குத் தாமே கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கமாகப் பரப்பியதில், பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பி.பி. 2000-களின் நடுவில் செய்த விளம்பரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்காக அந்தக் கணக்கீடே வீண் என்று சட்டத்தின் அணி சொல்லிவிடக் கூடாது. மேலே விசிறிக்கு நாம் போட்டதும் அதே வகைக் கணக்குத்தான். பொறுப்பை யாரிடமிருந்து யாருக்கு நகர்த்த அது பயன்பட்டது என்பதைச் சொன்னால் போதும்.

மஞ்சப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. முதலில் சட்டம், பிறகு பழக்கத்துக்கான அழைப்பு என்ற அந்த வரிசை கவனிக்கத்தக்கது. நான் மஞ்சப்பையை மதிப்பவன். அது நம் திருமண வீடுகளின் நினைவையும் சேர்த்தே தூக்கிவருகிறது. ஆயினும் அது தீர்ப்பது குப்பைச் சிக்கலை. காலநிலைக் கணக்கில் விசிறி, ஏ.சி., வாகனம், மின் உற்பத்தி ஆகியவற்றுக்கு முன்னால் பையின் பங்கு மிகச் சிறியது. மேடையில் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போது, கேட்பவர் பையை மாற்றியதோடு தம் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்.

மேடை ஒழுங்கு

இரண்டு வாதங்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுங்கள். ‘நீங்களே காரில்தானே வந்தீர்கள்’ என்பது ஒன்று. பேசுபவரின் வாழ்க்கையைக் குறை சொல்வதால் அவர் கேட்கும் சட்டம் தவறாகிவிடாது. ‘நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது’ என்பது மற்றொன்று. இவை இரண்டும் எளிதில் கைதட்டல் வாங்கும். அதனாலேயே கேடு செய்யும். அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம் போதும். பார்வையாளர்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வீட்டு உரிமையாளர் ஒருவரும் மின்பொருள் கடை நடத்துபவர் ஒருவரும் அரங்கில் இருந்தால் அவர்களைக் கட்டாயம் பேசச் சொல்லுங்கள்.

தீர்ப்புச் சொல்வது

நடுவர் எந்த அணி வென்றது என்று சொல்வதைவிட, பேசப்பட்ட பொருளைப் பற்றி மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். அந்த முடிவை உண்மையில் எடுக்கும் கை யாருடையது? மாற்றுப் பொருள் சாதாரண வருமானத்துக்கு எட்டும் விலையில், எட்டும் தொலைவில் இருக்கிறதா? மக்கள் ஒவ்வொருவராக மாறும்வரை காத்திருக்க நமக்குக் காலம் இருக்கிறதா? சொந்த வீட்டில் தன் பணத்தில் விசிறி வாங்குபவருக்கு மூன்றுக்கும் பதில் சாதகமாக இருக்கலாம். அவரிடம் ‘நாளைக்கே மாற்றுங்கள்’ என்று நடுவர் தயங்காமல் சொல்லலாம். வாடகை வீட்டுக்கு முதல் கேள்வியிலேயே தடை விழுந்துவிடுகிறது. அங்கே கேட்க வேண்டியது தரவிதியை இன்னும் உயர்த்தும்படி. அனல்மின் நிலையத்தைப் பொறுத்தவரை கடைக்காரரிடம் கேட்பதற்கே ஒன்றுமில்லை.

பழக்கமும் சட்டமும் ஒரே ஏற்பாட்டுக்குள் சேரும் இடங்களையும் நடுவர் சுட்டிக்காட்டலாம். நீலகிரியின் காட்டோரங்களில் உடைந்து கிடந்த மதுப் புட்டிகள் வனவிலங்குகளின் காலைக் கிழிப்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. 2022 மே மாதம் அந்த மாவட்டத்தின் டாஸ்மாக் கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் 10 ரூபாயைத் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். ‘காட்டில் புட்டியை எறியாதீர்கள்’ என்ற பலகைகளால் முடியாததை ஒரு பத்து ரூபாய் செய்தது. பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன, திட்டம் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. இது காலநிலைத் திட்டமன்று. ஆனால் நல்ல சட்டம் நுகர்வோரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு நான் அறிந்த தெளிவான எடுத்துக்காட்டு இதுதான்.

நம் அரசியலமைப்பே இந்த வழக்கில் இரண்டு பக்கமும் சான்று சொல்கிறது. 1976-இல் வந்த 42-ஆம் திருத்தம், சுற்றுச்சூழலைக் காப்பதை 48அ பிரிவில் அரசின் பொறுப்பாகவும் 51அ(எ) பிரிவில் குடிமக்களின் கடமையாகவும் ஒரே நேரத்தில் எழுதிச் சேர்த்தது. 2024-இல், அருகிவரும் பறவையான கானமயிலைக் காப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை, சமத்துவத்தையும் வாழ்வுரிமையையும் தரும் 14, 21 பிரிவுகளுக்குள் அடங்கும் என்று கூறியது. தீர்ப்பை இந்த இடத்தில் முடித்துவிட்டு, நடுவர் மனுத் தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

அரங்கிலிருந்து மனுவுக்கு

எதை யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விசிறி, ஏ.சி. ஆகியவற்றின் தரவிதி எரிசக்தித் திறன் பணியகத்தைச் சேர்ந்தது. மின்கட்டணமும், கூரையில் போடும் சூரிய மின்சாரத்துக்கான கணக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் முடிவாகின்றன. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, கட்டண மனுமீது பொதுமக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் ஆணையம் பரிசீலித்தாக வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வரைவு அறிவிக்கைக்கு, அரசிதழில் வெளியானதிலிருந்து கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. ஊரின் தெருவிளக்கு, ஊராட்சிக் கட்டடத்தின் கூரை, பேருந்து வசதி போன்றவற்றைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய, கிராம சபை கூடும் ஆறு நாள்களை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

மனுவை எழுதும்போது பட்டிமன்றத்தின் மொழியை வாசலிலேயே விட்டுவிடுங்கள். வரைவின் எண், தேதி, எந்தப் பத்தி, அதில் எந்தச் சொற்கள் மாற வேண்டும், மாற்றாக எந்தச் சொற்கள் வர வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். காரணத்தை அதன்பின் எழுதி, உங்கள் சொந்தக் கணக்கை இணையுங்கள்: வீட்டு விசிறியின் முத்திரையைப் படம் எடுத்தது, ஆறு மாத மின்பில், வாடகை வீடுகள் எத்தனை என்று உங்கள் தெருவில் நீங்களே எண்ணிப் பார்த்தது. ஒரே வாசகத்தில் நூறு பேர் கையெழுத்திட்ட தாளைவிட, நூறு வீட்டின் கணக்கைத் தாங்கிய ஒரு மனு அதிகம் சொல்லும் என்று நான் நம்புகிறேன். நுகர்வோராக நீங்கள் செய்த மாற்றம் இங்கேதான் உங்கள் வாதத்துக்கு எடை சேர்க்கிறது. விசிறியை மாற்றி ஆறு மாதம் பில்லைச் சேர்த்து வைத்தவரின் சொல்லை ஒதுக்குவது எளிதன்று.

தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை, மத்திய அரசுக்கானாலும் மாநில அரசுக்கானாலும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளிவந்தபோது, அதை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டு, கருத்துச் சொல்லும் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. நாடெங்கிலும் இருந்து இலட்சக்கணக்கான கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அந்த வரைவு இறுதி வடிவம் பெறவில்லை. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுக்களில்கூட வரைவின் பத்தி எண்களைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

மின்னஞ்சலில் அனுப்பினால் விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு பிரதி அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள். பதில் வராவிட்டால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மனுமீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அனல்மின் நிலையம் போன்ற பெரிய திட்டத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால், 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிட்டே போங்கள். கூட்டத்தில் பேசிய பிறகு, வெயிலும் பசியும் எவ்வளவு வாட்டினாலும் உடனே கிளம்பிவிடாதீர்கள். முடிவில் நடவடிக்கைகளின் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி தமிழில் விளக்கி வாசிக்க வேண்டும், அதன்பிறகே தலைமை ஏற்ற அதிகாரி அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. உங்கள் குழுவில் ஒருவர் அதுவரை கையில் குறிப்பேட்டோடு இருந்து, நீங்கள் சொன்ன வரி வாசிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். விடுபட்டிருந்தால், அதிகாரி கையெழுத்திடும் முன்பே எழுந்து நின்று அதைச் சேர்க்கச் சொல்லட்டும்.